ஒரு முழ மண்ணில் மேய்ச்சல் காடு: பாழ்பட்ட கொரங்காட்டை மீட்பது எப்படி?

கொங்குப் பக்கம் காடு என்று சொன்னால் மரம் அடர்ந்த வனத்தை யாரும் நினைப்பதில்லை. கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம், வானம் பார்த்த நிலம் என்றால் அது காடு. அந்தக் காட்டிலும் மேடாக, சரளையும் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லும் மண்டி, ஒரு முழம் தோண்டுவதற்குள் பாறை தட்டுகிற நிலம் இருக்கிறதே, அதைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, மாடும் செம்மறியும் மேய்த்தால் அதுதான் கொரங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கிழக்கே க.பரமத்தி, அரவக்குறிச்சி வரை இது பரவிக் கிடக்கிறது. காங்கேயம் மாடு என்ற இனமே இந்தப் புல்லைத் தின்று வளர்ந்ததுதான்.

கொரங்காடு வைத்திருந்து அது பாழாகிவிட்டவர்களுக்காகவும், வெளியூரில் இருந்துகொண்டு தாத்தா விட்டுப்போன மேட்டுக்காட்டை என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நாங்களும் அப்படிப் பாழாக்கியவர்கள்தான். 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது, 2017 தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் எங்கள் நாலு ஏக்கரும், வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் நாலு ஏக்கரும் ஒரே மாதிரிக் காய்ந்து கிடந்தன. அப்புறம் ஒரு மழை பெய்தது. பத்தே நாளில் அவர் காடு பச்சை பிடித்தது, எங்களுடையதில் கொழிஞ்சியும் நெருஞ்சியும்தான் தலைகாட்டின. ஒரே மண், ஒரே மழை. அவர் அந்த வறட்சியிலும் புல்லின் தூர் கடிபடாமல் ஆட்டை வெளியே ஓட்டிவிட்டார், நாங்கள் தீவனம் வாங்கக் காசில்லை என்று தூர் வரை மேயவிட்டோம். அடுத்த வருடம் இன்னொரு தப்பும் செய்தோம், அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் படி: கடப்பாரையை எடுங்கள்

மண் பரிசோதனை அட்டை வாங்குவதற்கு முன்னால் ஆழம் பாருங்கள். இந்த நிலத்தில் சத்தைவிட ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒரு கோடு பிடித்து நாலு ஏக்கருக்குப் பத்து இடத்திலாவது குழி தோண்டுங்கள். மேலே இளஞ்சிவப்பில் மணல் கலந்த மண், அதன் கீழே கொஞ்சம் அழுத்தமான செம்மண், அப்புறம் சரளை, அதற்கும் கீழே கடப்பாரைக்கு நொறுங்கிக் கொடுக்கிற உளுத்த பாறை என்று வரிசையாக வரும். சில இடத்தில் சரளைக்குப் பதிலாக வெள்ளையாகச் சுக்கான் கல் இருக்கும், பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். ஒவ்வொரு குழியிலும் பாறை எத்தனை அங்குலத்தில் தட்டியது என்று எழுதி, ஒரு தாளில் காட்டை வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் காட்டில் மேட்டில் 7 அங்குலம், பள்ளத்தில் 22 அங்குலம். ஒரே காடு, ஆனால் உண்மையில் இரண்டு நிலம்.

அடுத்து ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசையுங்கள். உருண்டை பிடித்துத் தொட்டதும் உதிர்ந்தால் மணல் மிகுதி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தள்ளும்போது ஓர் அங்குலம் வரை நாடா போல நீண்டு அறுந்தால் மணல் கலந்த வண்டல். கையில் ஒட்டாமல் நரநரவென்று இருப்பதுதான் இந்தப் பக்கத்து மேட்டுமண்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கணக்கு இப்படி இருக்கிறது. மணல் மிகுந்த மண் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் செடிக்குப் பயன்படும்படி பிடித்து வைக்கும். வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் உறிஞ்சினால் ஐந்தாறு நாளில் தீர்ந்துவிடும். பாறை 7 அங்குலத்தில் இருந்தால் மூன்று நாள்தான். நல்ல மழை பெய்து ஒரு வாரத்தில் செடி வாடுகிறதே என்று பலர் விதையைக் குறை சொல்வார்கள், உண்மையில் தண்ணீர் நிற்க அங்கே இடம் கிடையாது. அதனால்தான் மழைக்கு மழை தூங்கி எழுகிற புல் இங்கே வாழ்கிறது, மூன்று மாதம் விடாமல் ஈரம் கேட்கிற பயிர் வாழ்வதில்லை.

இரண்டாம் படி: என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள்

மழை பெய்து மூன்று வாரம் கழித்துக் காட்டை நடந்து பாருங்கள். கொழுக்கட்டைப்புல் தூர்கள் பத்தடிக்கு ஒன்று இரண்டாவது இருந்தால் புதிதாக எதுவும் விதைக்கவே வேண்டாம், ஒரு பருவமழை முழுக்க ஆடு மாடு விடாமல் அடைத்து வைத்தாலே விதை உதிர்ந்து நிரம்பிவிடும். கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, துடைப்பப்புல் எல்லாம் பெருத்திருந்தால், பல வருடமாக ஆடு தின்பதைத் தின்று தின்னாததை விட்டுவைத்திருக்கிறது என்று பொருள். கொழிஞ்சியைப் பார்த்துப் பதறாதீர்கள், அது பயறு வகைச் செடி, மண்ணுக்கு நல்லதுதான் செய்யும். புல் பலமானால் தானே ஒதுங்கிவிடும். எதுவுமே இல்லாமல் தரை வெறுமையாக, மேலே பொறுக்கு தட்டி, நடந்தால் மொறுமொறு என்று உடைந்தால் அதுதான் கடினமான நிலை. இந்தச் செம்மணல் மழைத்துளி அடித்தடித்து மேலே இறுகிக்கொள்ளும், அதற்குப் பிறகு தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும்.

மூன்றாம் படி: உழாதீர்கள்

சொன்னேனே இன்னொரு தப்பு, அது இதுதான். 2018இல் ஒருவர் சொன்னார் என்று டிராக்டரில் சட்டிக் கலப்பை கட்டி ஆழ உழுதோம். கீழே கிடந்த சரளை மேலே வந்தது, மேலே இருந்த நல்ல மண் பொடியாகிக் கிடந்தது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பல்லடம் தாராபுரம் முழுக்கக் காற்றாலை நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். இரண்டு மாதம் எங்கள் மண் கிழக்கே பறந்தது. மறுபடி குழி தோண்டிப் பார்த்தால் மேட்டில் 9 அங்குலமாக இருந்தது 7 ஆகியிருந்தது. பாறை மண்ணாகிற வேகத்துக்கு இரண்டு அங்குலம் திரும்ப வர எத்தனையோ தலைமுறை ஆகும், அது எங்கள் காலத்தில் திரும்பாது என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

பொறுக்கை உடைக்க வேண்டுமானால், முதல் மழைக்கு முன்பு கொத்தினால் அல்லது முள் கட்டையை இழுத்து மேலாகக் கீறிவிட்டால் போதும். ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கிராவலுக்கு மண் கேட்டு ஆள் வருவார்கள், ஒரு லோடுகூட எடுக்க விடாதீர்கள்.

ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னை வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஓர் அடி மண்ணுக்குக் கீழே கடும்பாறை இருக்கிற மேட்டில் ஆயிரம் அடி தோண்டிக் கடனாளி ஆனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

நான்காம் படி: தண்ணீரை நடக்க வையுங்கள்

ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். இவ்வளவையும் இந்த மண்ணால் பிடிக்க முடியாது, ஆனால் ஓடாமல் மெதுவாக நடந்தால் பாறை வெடிப்புக்குள்ளாவது இறங்கும், மரத்தின் வேர் அங்கேதான் தண்ணீர் தேடுகிறது.

பெரிய வாய்க்காலோ அகலமான வரப்போ வேண்டாம், அதற்காகத் தோண்டும்போது சரளைதான் மேலே வரும். காட்டில் கிடக்கிற கல்லையே பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் வரிசையாக வையுங்கள். சம உயரம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். இரண்டு குச்சி, நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய், இரண்டு பேர், ஒரு நாளில் நாலு ஏக்கருக்கும் குறித்துவிடலாம். கண்மதிப்பில் வைக்காதீர்கள், ஒரு சாண் ஏறி இறங்கினாலும் தண்ணீர் அந்த ஒரு வாயைத் தேடிப்போய் அங்கே அறுத்துவிடும். கல் வரிசை அரை அடி உயரம் இருந்தால் போதும். பெரிய கல்லைக் கொஞ்சம் பதித்து, மேல்பக்கம் சின்னக் கல்லை அணைத்து வைத்தால் ஓடி வருகிற மணலும் சாணமும் இலையும் அங்கே தங்கும். இரண்டாவது மழையிலேயே அந்த வரிசைக்கு மேலே மண் ஒரு விரல் உயர்ந்திருப்பதைப் பார்க்கலாம். முதலில் புல் பிடிக்கிற இடமும் அதுதான்.

குளத்து வண்டல் மண்ணை அள்ளி வந்து மேலே கொட்டலாமா? குளத்து வண்டல் எடுக்க அரசு அனுமதி தருகிறது, தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் பெரும்பாலான குளங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அந்த மண்ணோடு விதையும் வந்து சேரும். அதனால் கல் வரிசைக்கு மேல்பக்கம் மட்டும் மெல்லியதாகத் தூவி, முளைக்கிறதைப் பார்த்துப் பிடுங்க முடியும் என்றால் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: வேலி

வேலி இல்லாத கொரங்காடு எல்லோருடைய ஆட்டுக்கும் பொது. கம்பி வேலி போடலாம், ஆனால் இந்த மண்ணுக்கு முள்கிளுவைதான். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோடையில் இலை கொட்டிவிட்டுக் கம்பு போல நிற்கும், மழை வந்தால் துளிர்க்கும், காற்றைத் தடுக்கும், ஓணானும் பறவையும் பாம்பும் அதில் குடியிருக்கும். கட்டைவிரல் தடிமனுக்கு மேல், இடுப்பளவு நீளத்துக்குப் போத்து வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுப் பால் வற்றவிட்டு, ஓர் அடி ஆழத்தில் நெருக்கமாக நடுங்கள். பருவமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடுவது நல்லது. ஈரம் தேங்குகிற இடத்தில் அழுகிவிடும். முதல் வருடம் நாலில் ஒன்று செத்துப்போகும், அடுத்த வருடம் அந்த இடைவெளியில் மறுபடி ஊன்றுங்கள். பழைய வேலியின் கிளைகளைப் பின்னிவிட்டால் இன்னும் அடைப்பாக வரும். கிளுவை வளரும் வரை உள்பக்கமாக முள் போட்டு அடைக்க வேண்டும், அதற்கு அடுத்த படியில் வெட்டப்போகிற சீமைக்கருவேல முள் உதவும்.

ஆறாம் படி: டெல்லி முள்

சீமைக்கருவேலத்தை இங்கே டெல்லி முள் என்போம். மேலே வெட்டினால் பத்துத் துளிர் விடும். தூரைச் சுற்றித் தோண்டி, தரைக்குக் கீழே ஓர் அடி வரை வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் செய்தால் பாதி வேலை மிச்சம். காய் பிடிப்பதற்கு முன்பு எடுங்கள். காய் தின்ற ஆடு மாட்டின் சாணத்தில் விதை முழுசாக வந்து முளைக்கும், அதனால் வெளியே மேய்ந்த ஆட்டை நேரே உள்ளே விடாமல் நாலைந்து நாள் தனியாகக் கட்டிவைத்து விடுங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுத்து நிலத்தை மொட்டையாக்கினால் காற்று மண்ணைத் தூக்கிவிடும், அதனால் ஒரு வருடத்துக்கு ஓர் ஏக்கர் என்று போங்கள், எடுத்த இடத்தில் அந்தப் பருவத்திலேயே புல் விதை விழ வேண்டும்.

ஏழாம் படி: புல் விதை

கொழுக்கட்டைப்புல் விதையைப் பறித்த கையோடு விதைத்து, முளைக்கவில்லை என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். அந்த விதைக்கு உறக்கம் உண்டு. பறித்து ஆறு மாதத்துக்கு மேல், முடிந்தால் அடுத்த பருவம் வரை, துணிப்பையில் காற்றாட வைத்திருந்து விதைத்தால்தான் நன்றாக முளைக்கும். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். விதை பஞ்சு மாதிரி மயிரோடு இருப்பதால் வீசினால் பறக்கும். சலித்த செம்மண்ணும் சாணமும் கரைத்து அதில் விதையைப் புரட்டி உருட்டிக் காயவைத்து விதைத்தால் காற்றுக்கும் எறும்புக்கும் தப்பும். புரட்டாசிக் கடைசியில், பருவமழைக்கு ஒரு வாரம் முன்னால், மேலாகக் கீறிய மண்ணில் தூவி, ஒரு முள் கிளையை இழுத்துவிடுங்கள். அரை அங்குலத்துக்குக் கீழே போன விதை மேலே வருவது கஷ்டம். பெரியப்பா காடு போல நல்ல காடு பக்கத்தில் இருந்தால், மழைநாளில் தூர் பிரித்து வாங்கி வந்து கல் வரிசை ஓரமாக நடுவது எல்லாவற்றையும்விட நிச்சயமான வழி.

ஓர் இடைக்குறிப்பு. இதே கொழுக்கட்டைப்புல்லை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் தீவனத்துக்கென்று கொண்டுபோய் விதைத்தார்கள், இன்று அரிசோனாவின் பாலைநிலத்தில் தீயைப் பரப்பிப் பெரிய கள்ளிகளை அழிக்கிற களை என்று அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை அதற்குச் சொந்த மண், இங்கே அதை மேய ஆடு மாடு காலங்காலமாக இருக்கிறது.

புல்லோடு பயறு வகை ஒன்று வேண்டும். முயல் மசால் என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது வறட்சியைத் தாங்கும், அதன் விதைத்தோல் கெட்டி என்பதால் 80 டிகிரி சூட்டில் உள்ள வெந்நீரில் நாலு நிமிடம் போட்டு எடுத்து விதைக்க வேண்டும். என் மனம் நரிப்பயற்றுப் பக்கம்தான். நம் ஊர்க் கொடி, மழைக்குத் தானே வரும், செம்மறி தேடித் தின்னும்.

எட்டாம் படி: வெள்வேலம்

மரம் நட நர்சரிக்குப் போக வேண்டாம். கோடையில் வெள்வேலங்காய் உதிரும்போது செம்மறி அதைத் தின்னும், பட்டியில் புழுக்கையோடு விழுகிற விதை சீக்கிரம் முளைக்கும். அந்தப் புழுக்கையை அள்ளிக் கல் வரிசைக்குப் பக்கத்தில், பாறை வெடிப்பு உள்ள இடமாகப் பார்த்துப் போடுங்கள். முளைத்ததைச் சுற்றி முள் கட்டி மூன்று வருடம் காப்பாற்றினால் போதும், வெள்ளாட்டை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். நிழல் சிதறலாக விழுகிற மரம் என்பதால் அடியிலும் புல் வரும். புல் இல்லாத மாதத்தில் அந்தக் காய்தான் ஆட்டுக்குத் தீனி. மரங்கள் நெருங்கினால் புல் குறையும், இரண்டு மரத்துக்கு நடுவே நன்றாக வெயில் விழும்படி பார்த்து அதிகமானதைக் கழியுங்கள்.

ஒன்பதாம் படி: பட்டி

யூரியா இந்த மண்ணில் நிற்காது, ஒரு மழையில் கீழே போய்விடும். செம்மறிப் பட்டியை நகர்த்தி நகர்த்திப் போடுங்கள். முதலில் மெலிந்த மேட்டில், ஓர் இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி பாறை வெளியே தெரிகிற இடத்தில் இருக்கட்டும், ஏனென்றால் தொட்டியைச் சுற்றி மிதிபட்டு எதுவும் முளைக்காது.

பத்தாம் படி: மேய்ச்சல்

இதில்தான் எல்லாம் கெடுகிறது, எங்களுக்கும் இங்கேதான் கெட்டது. விதைத்த முதல் வருடம் ஒரு வாய்கூட மேய விடாதீர்கள். புல் கதிர் விட்டு விதை உதிரட்டும், அவசரம் என்றால் விதை கொட்டிய பிறகு அரிவாளால் மேலாக அறுத்துப் போடலாம். இரண்டாம் வருடப் பருவமழையில் தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வேரோடு வராமல் இலை அறுந்து வந்தால் மாட்டை விடலாம்.

எத்தனை உருப்படி விடலாம் என்பதைப் பக்கத்துக் காட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாலு குச்சியைக் கட்டி ஒரு மீட்டர் சதுரம் செய்து, காட்டில் பத்து இடத்தில் கண்ணை மூடி எறிந்து, விழுந்த இடத்துப் புல்லை அரைச் சாண் விட்டு அறுத்து, காயவைத்து எடை போடுங்கள். சராசரி 150 கிராம் வந்தால் ஏக்கருக்கு 600 கிலோ காய்ந்த புல். அதில் பாதியை மண்ணுக்கு விட வேண்டும், மிச்சம் 300 கிலோ. 300 கிலோ எடையுள்ள ஒரு காங்கேயம் மாடு நாளைக்குச் சுமார் 7 கிலோ தின்னும், ஆக ஒரு மாட்டுக்கு ஆறு வாரம். நாளைக்கு ஒரு கிலோ என்று வைத்தால் பத்துச் செம்மறிக்கு ஒரு மாதம். இந்தக் கணக்கு போட்ட அன்றுதான் நாங்கள் நாலு ஏக்கரில் முப்பது ஆட்டை வருடம் முழுக்க விட்டிருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது.

காட்டை மூன்று நான்கு பட்டமாக, அதாவது துண்டாகப் பிரியுங்கள். முதலில் மாடு மேயட்டும், அது நாக்கால் சுழற்றி மேல்புல்லைத்தான் எடுக்கும். பின்னால் செம்மறி. செம்மறி தரையோடு கடிக்கும் என்பதால் அரைச் சாண் உயரம் வந்ததும் அன்றைக்கே அடுத்த பட்டத்துக்கு ஓட்டுங்கள். தேதி பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள். மழைக்காலத்தில் மேய்ந்த பட்டம் மறுபடி எழ ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், தை மாசி தாண்டினால் அடுத்த மழை வரை எழாது.

பங்குனிக்குள் எல்லாப் பட்டமும் அரைச் சாணுக்கு வந்துவிட்டால் ஆட்டில் பாதியை விற்றுவிடுங்கள், அல்லது சோளத்தட்டு வாங்கிப் பட்டியில் வைத்துப் போடுங்கள். வறட்சி முற்றினால் ஆட்டு விலை விழும் என்பதால் மாசியிலேயே முடிவெடுப்பது நல்லது. அப்புறம் வேலி வாசலான கடவில் முள் வைத்து அடைத்துவிட்டு, கோடை மழை இரண்டு பெய்து புல் ஒரு சாண் எழும் வரை யார் கேட்டாலும் திறக்காதீர்கள்.